எல்லாம் ஒரு வளர்ச்சிக்காகத்தான் சார்

வேலையை விடுகிறவர்கள் பல வகை. சண்டை போட்டுவிட்டு விடுகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறவர், "நாளையிலிருந்து வரமாட்டேன்" என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டே வந்து ஓய்வுபெற்று வீட்டுக்குப் போகிறவர். அவர்களை எல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். இன்று நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புவது வேறொரு ஜீவன். நேர்காணல் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை அணைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்து, "இப்ப இருக்கிற இடம் ரொம்ப நல்ல இடம் சார், எல்லாம் ஒரு வளர்ச்சிக்காகத்தான்" என்று சொல்கிறாரே, அவர்தான். வசதிக்காக அவரை வளர்ச்சியார் என்று வைத்துக்கொள்வோம்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டை புதிது, கடையில் மடித்த கோடு நெஞ்சின் குறுக்கே ஓடும். வரவேற்பறை சோபாவில் சாய்ந்து உட்காரமாட்டார். அங்கே காத்திருக்கும் மற்றவர்களைப் பார்த்து, "நீங்களுமா?" என்கிற மாதிரி பாதி சிரித்து, மீதிச் சிரிப்பை உள்ளே இருப்பவர்களுக்காகச் சேமித்து வைப்பார். அடிக்கடி கன்னத்தைத் தடவிக்கொள்வார். அது பயம் அல்ல, பழக்கம். இந்த ஆறு மாதத்தில் எட்டு நேர்காணல்களுக்குப் போயிருக்கிறார். எட்டுக்கும் அலுவலகத்தில் அவர் சொன்ன காரணம் பல்வலி. முதல் நான்கு முறை இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடுப்புக் கேட்டார், ஐந்தாம் முறை மறந்துபோய் வலது கன்னத்தைப் பிடித்தார். "இன்னும் எத்தனை பல்லு சார் பாக்கி இருக்கு?" என்று பக்கத்து மேஜைக்காரர் அக்கறையாகவே விசாரித்தார்.

இவ்வளவு பாடுபட்டு ஓடுகிற மனிதர் எதைவிட்டு ஓடுகிறார்? அதை மட்டும் கேட்கக்கூடாது. கேட்பார்கள், ஆனால் பதில் சொல்லக்கூடாது. "இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு உண்மையான விடை என்ன என்று கேட்கிறவருக்குத் தெரியும், சொல்கிறவருக்குத் தெரியும், நடுவில் தேநீர்த் தட்டோடு வந்து போகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனாலும் மேலாளர் கத்துகிறார் என்றால் அதற்கு "சவாலான சூழல்" என்று பெயர். மூன்று பேர் வேலையை ஒரே ஆள் பார்த்தால் "பலதுறை அனுபவம்". தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட பொடியனுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்களா? "புதிய எல்லைகளைத் தொட விரும்புகிறேன்." ஒன்றும் தோன்றவில்லையா? இருக்கவே இருக்கிறது வளர்ச்சி! நாற்பத்திரண்டு வயது ஆசாமி. உயரத்தில் இனி அரை அங்குலம்கூட ஏறப்போவதில்லை. அகலத்தில் ஏறக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அப்படியும் வளர்ச்சி வேண்டுமாம்.

நம்முடைய வளர்ச்சியார் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பதினொரு வருடமாக டெஸ்பாட்ச் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். எந்தப் பெட்டி எந்த லாரியில் ஏறி எந்த வாடிக்கையாளருக்குப் போகவேண்டும் என்பது அவர் பொறுப்பு. வேலையில் கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கு என்றே ஆண்டவன் சில மேலாளர்களைப் படைத்து வைத்திருக்கிறான் அல்லவா, அதில் ஒருவர் அவருக்கு வாய்த்திருந்தார்.

அந்த மேலாளர் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். வாசலுக்கும் கழிவறைக்கும் நடுவில், எந்தப் பிறவியும் ஒரு நாளில் நான்கு தடவையாவது கடந்தே ஆகவேண்டிய இடத்தில். அதன் தலையில் சிவப்பு மையில் "இன்றைய தவறு" என்று எழுதியிருக்கும். யார் தவறு செய்தாரோ அவரே வந்து, தன் கையாலேயே, தன் பெயரோடு அதை எழுதவேண்டும். நல்ல ஏற்பாடுதான், மேலாளரும் தவறு செய்யாதவராக இருந்திருந்தால். ஒரு நாள் அவர் அவசரத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, சோப்புக் கம்பெனிக்குக் குளிர்பெட்டி அட்டைகளையும், குளிர்பெட்டிக் கம்பெனிக்குச் சோப்பு அட்டைகளையும் அனுப்பிவைத்தார். இரண்டு பக்கமிருந்தும் தொலைபேசி அலறியது. மேலாளர் மார்க்கர் பேனாவை எடுத்து வளர்ச்சியாரிடம் நீட்டினார்.

"வாங்க சார், எழுதுங்க."

"சார், சீட்டுல இருக்கிற கையெழுத்து உங்களோடது சார்."

"என்னோடதுதான், யாரு இல்லைன்னா? பிரிவு உங்களோடதுதானே? எழுதுங்க. அழகா எழுதுங்க."

எழுதினார். அழகாகவும் எழுதினார். அன்று தொடங்கி மேலாளரின் தவறுகள் எல்லாம் வளர்ச்சியார் பெயரில் பலகை ஏறின. மாலை ஆறு மணிக்குச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டினால் போதும், "அதுக்குள்ளயா?" என்று ஒரு குரல் வரும். ஞாயிற்றுக்கிழமை குளித்துக்கொண்டிருந்தாலும் ஃபோன் வரும். ஃபோன் அடித்தால் வளர்ச்சியார் எழுந்து நிற்பார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடி நிற்பார். பக்கத்து வீட்டு ஃபோன் அடித்தாலும் நிற்பார். "உக்காருங்க, அது அவங்க வீட்டுது" என்று மனைவி சொன்ன பிறகுதான் உட்கார்வார்.

இத்தனையையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். பதினொரு வருடம் பொறுத்தவருக்குப் பன்னிரண்டாவது பெரிய விஷயமா? ஆனால் ஒரு நாள் வீட்டுச் சாவியை வாங்கிப்போக மனைவி தொழிற்சாலைக்கு வந்தபோது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும் கூட வந்தாள். அப்போதுதான் அவளுக்கு அப்பா பெயர், அம்மா பெயர், தன் பெயர் மூன்றையும் படிக்க வந்திருந்தது. பலகை முன்னால் நின்று விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "அப்பா! போர்டுல உங்க பேருதான் முதல்ல இருக்கு!" என்று கத்தினாள். அவள் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் பெயரைத்தான் பலகையில் எழுதுவார்கள். கீழே மூன்று இடத்திலும் அதே பெயர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, கை தட்டினாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் வேலையில் மூழ்கினார்கள். வளர்ச்சியார் சிரித்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. சிரிப்பதைத் தவிர வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "தவறு" என்ற சொல்லைப் படிக்க மகள் கற்றுக்கொள்வதற்குள் இந்த இடத்தைவிட்டுப் போய்விடவேண்டும். ஒன்றாம் வகுப்பில் பாடம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று தினமும் அவளுடைய நோட்டைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்.

முதல் நேர்காணலில் உண்மையைச் சொன்னார். பச்சைப்பிள்ளை, பாவம். "மேனேஜரோட ஒத்துப்போகல சார்" என்று அவர் வாய் திறந்ததும், கேட்டவர் முகத்தில் இருந்த சிரிப்பு கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. இரண்டாவது இடத்தில் பாதி உண்மை சொன்னார். பாதி வழியிலேயே நன்றி சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டு யோசித்தார். யோசிப்பவரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்?

அப்போதுதான் மனைவியின் தம்பி களத்தில் இறங்கினார். ஏழு வருடத்தில் ஒன்பது கம்பெனி மாறியவர் என்பதால், குடும்பத்தில் இந்த விஷயத்துக்கு அவர்தான் நிபுணர்.

"மாமா, உண்மையச் சொல்றதுக்கு அது என்ன டாக்டர் ரூமா? மேனேஜரை எவ்வளவு திட்டணும்னு தோணுதோ, அவ்வளவு புகழுங்க. உள்ள நாலு கெட்ட வார்த்தை வந்தா, வெளிய நாலு நல்ல வார்த்தை. இப்ப இருக்கிற மேனேஜரைப் பத்தி நல்லாப் பேசுறவன் நாளைக்கு நம்மளப் பத்தியும் நல்லாப் பேசுவான்னு அவங்க நினைச்சுக்குவாங்க."

"அப்ப எனக்கு நிறைய வருமே மாப்ள."

"நிறைய வரட்டும். புகழ்ச்சிக்குப் பஞ்சமே இருக்காது."

ஒத்திகை வீட்டுக் கூடத்தில் நடந்தது. துணி மடித்துக்கொண்டே மனைவி கேள்வி கேட்டார். வளர்ச்சியார் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பதில் சொன்னார்.

"ஏன் இப்ப இருக்கிற வேலைய விடுறீங்க?"

"எங்க மேனேஜர் எனக்கு அப்பா மாதிரி மேடம்…"

"உங்க அப்பா காதுல விழுந்தா அடிக்க வருவார். சரி, அப்புறம்?"

"எவ்வளவோ கத்துக்குடுத்திருக்கார். அவரை விட்டுப் போறதுன்னா மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனாலும், எல்லாம் ஒரு வளர்ச்சிக்காகத்தான்."

மனைவி மடித்த போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நாளைக்கு என்னை விட்டுட்டுப் போறதா இருந்தாலும், இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு இதையேதான் சொல்லுவீங்களோ?"

"ச்சீ, என்ன பேச்சு இது?"

"இல்ல, அவ்வளவு நல்லா வருதுங்க. அதான் கேட்டேன்."

இப்படி எட்டு நேர்காணலில் தீட்டிய கத்தியோடு, ஒன்பதாவது பல்வலி எடுத்த அன்று, வளர்ச்சியார் ஒரு பூட்டுத் தொழிற்சாலையின் மூன்றாவது மாடியில் போய் உட்கார்ந்தார். எதிரே மூன்று பேர். இடது ஓரத்தில் ஆளெடுக்கும் அதிகாரி, தலைப்பின்னல் மாதிரியே கேள்விகளும் இறுக்கமாக இருந்த அம்மையார். வலது ஓரத்தில் இருந்தவர் எதற்காக வந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை; பிஸ்கட்டுகளுக்குத் துணையாக இருந்தார். நடுவில் டெஸ்பாட்ச் பிரிவின் தலைவர், அதாவது வேலை கிடைத்தால் வளர்ச்சியாருக்கு மேலே உட்காரப்போகிறவர். அவருக்குக் கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையங்கள். நாம் அவரை நடுநாற்காலி என்று சொல்வோம்.

அந்தக் கேள்வி வந்தது. வளர்ச்சியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க மேனேஜர் எனக்கு அப்பா மாதிரி சார். தப்பு நடந்தா ஒரு சத்தம் போடமாட்டார். உக்கார வச்சு, 'என்ன நடந்துச்சு, அடுத்த தடவை எப்படி செய்யலாம்'னு கேப்பார். அதுக்குன்னே ஒரு போர்டு வச்சிருக்கோம் சார். யாரும் எதையும் மறைக்கிறதில்ல."

நடுநாற்காலி குறிப்பெழுதுவதை நிறுத்தினார். "சத்தமே போடமாட்டாரா?"

"பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட இல்ல சார்." சத்தம் போடாத நாள் ஒன்றுகூட இல்லை என்பதைத்தான் அவர் மனசாட்சி இப்படி மொழிபெயர்த்துக்கொண்டது.

"ஆறு மணிக்கு மேல வேலை இருக்குமே?"

"ஆறு மணி ஆச்சுன்னா அவரே வந்து நிப்பார் சார்." அதுவும் உண்மைதான். "'வீட்டுல குழந்தை காத்துட்டு இருக்கும், கிளம்புங்க'ன்னு துரத்தி விடுவார்."

"ஞாயித்துக்கிழமை ஃபோன்?"

"ஞாயித்துக்கிழமை அவர் நம்பரே எனக்கு மறந்துபோயிரும் சார்."

நடுநாற்காலி முன்னால் குனிந்து, இரண்டு முழங்கைகளையும் மேஜைமேல் ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தூங்கும் முன் கதை கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது அவர் முகம். தான் பேசுவது நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று வளர்ச்சியாருக்குத் தெம்பு வந்துவிட்டது. பிறந்தநாளுக்கு மேலாளர் வீட்டுக்கே வந்து வாழ்த்தியதையும், மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது அவரே மருந்து வாங்கிவந்ததையும், நடக்காத எத்தனையோ நல்ல காரியங்களையும் அவர் வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்ல, இப்படி ஒரு மேலாளர் உண்மையிலேயே இருந்திருக்கலாமே என்று அவருக்கே ஏக்கமாக இருந்தது.

அம்மையார் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு நல்ல இடத்த எதுக்கு விடுறீங்க?"

பிஸ்கட்காரர்கூட மெல்லுவதை நிறுத்தினார்.

"வளர்ச்சிக்காக மேடம்."

மூன்று தலைகளும் ஆடின. "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் அம்மையார். ஏதாவது ஒன்று கேட்டே ஆகவேண்டும், அதுதான் மரியாதை என்று மச்சினர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"இந்த இடத்துல முன்னாடி இருந்தவர் ஏன் போனார் மேடம்?"

அம்மையார் நடுநாற்காலியைப் பார்த்தார். நடுநாற்காலி மேஜையைப் பார்த்தார். "வளர்ச்சிக்காக" என்றார் அம்மையார். பிஸ்கட்காரருக்குப் புரையேறியது.

வளர்ச்சியார் கீழே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது, "சார், சார், ஒரு நிமிஷம்" என்று மூச்சு வாங்கக் குரல் கேட்டது. நடுநாற்காலி. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கி வந்திருந்தார். வண்டிகளின் நடுவே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க வேலை கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான், நான் எழுதிட்டேன். ஒரு சின்ன உதவி. உங்க கம்பெனியில என் அளவுக்கு ஏதாவது இடம் காலியா இருக்கா?"

வளர்ச்சியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு இங்க என்ன சார் கஷ்டம்?"

"கஷ்டமா? ச்சே ச்சே! எங்க டைரக்டர் எனக்கு அண்ணன் மாதிரி. எல்லாம் ஒரு…" என்று தொடங்கி, வளர்ச்சியாரின் கண்ணைப் பார்க்காமல், பக்கத்து வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு முடித்தார்: "ஒரு வளர்ச்சிக்காகத்தான்."

இந்த இடத்தில் வளர்ச்சியார் என்ன செய்திருக்கவேண்டும்? "ஐயா, நான் உள்ளே சொன்னது அத்தனையும் கட்டுக்கதை, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்" என்று சொல்லியிருக்கவேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால், சற்றுமுன் "எழுதிட்டேன்" என்றாரே, அதை அவரே மேலே ஏறிப் போய் அடித்துவிட மாட்டாரா? மகள் ஏற்கெனவே 'த' வரிசைக்கு வந்துவிட்டாள். வளர்ச்சியார் தன் முதலாளி அலுவலகத்தின் எண்ணை எழுதிக் கொடுத்தார். "கண்டிப்பா முயற்சி பண்ணுங்க சார். நீங்க வந்தா எங்க ஆளுங்க சந்தோஷப்படுவாங்க."

வீட்டில் இதைக் கேட்டதும் மனைவி முகம் சுளித்தார். "பாவங்க அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஆர்டர் கைக்கு வரட்டும், சொல்லிடறேன்."

ஆர்டர் கைக்கு வந்தது. "ராஜினாமா கொடுத்துடறேன், அப்புறம் சொல்றேன்" என்றார். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவதற்கு நம்மவருக்கு ஒரு நல்ல நாள் எப்போதும் கிடைத்துவிடும்.

ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். "ஏன் சார்? இங்க என்ன குறை?"

பார்த்தீர்களா? இவரும் அதே கேள்வி. பதினொரு வருடக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது. கடிதம் கொடுத்தாகிவிட்டது, புது வேலை சட்டைப்பையில் இருக்கிறது, யாருக்கும் பயப்படவேண்டியதில்லை. பலகையைப் பற்றிச் சொல்லலாம். மகள் கை தட்டியதைச் சொல்லலாம். வளர்ச்சியார் வாயைத் திறந்தார். நேர்காணல்களிலும் ஒத்திகையிலும் பழகிப்போன வாய், திறந்ததும் தன் பாட்டுக்கு ஓடியது.

"குறையா? உங்களை விட்டுப் போறதுதான் சார் கஷ்டமா இருக்கு. எல்லாம் ஒரு வளர்ச்சிக்காகத்தான்."

"அங்க எப்படியாம்?"

இங்கேதான் அவருக்குள் ஒரு குறும்பு எட்டிப்பார்த்தது. உண்மை சொல்லித் திட்ட வாய் வரவில்லை. வயிற்றெரிச்சலையாவது கிளப்பிவிட்டுப் போகலாமே? "சொர்க்கம் சார்" என்றார். "டைரக்டர் அண்ணன் மாதிரியாம். பிரிவுத் தலைவருக்கு முழு அதிகாரம். தனி அறை, பெரிய ஜன்னல். அவர் என்ன செஞ்சாலும் மேல இருந்து ஒரு கேள்வி கிடையாது. கீழ இருக்கிறவங்களும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்களாம்."

"முழு அதிகாரமா?" மேலாளரின் முகம் மெதுவாகத் தொங்கியது. அந்தத் தொங்கலை வளர்ச்சியார் கடைசிச் சொட்டுவரை ரசித்தார். பதினொரு வருடத்தில் அந்த அறையிலிருந்து அவர் விசிலடித்துக்கொண்டு வெளியே வந்தது அன்று ஒருநாள்தான்.

பூட்டுத் தொழிற்சாலையில் அவர் சேர்ந்தபோது நடுநாற்காலி அங்கே இல்லை. விலகிவிட்டார் என்றார்கள். எதற்காக என்று வளர்ச்சியார் கேட்கவில்லை. புதுத் தலைவர் வரும்வரை பிரிவில் அவரே ராஜா. மூன்று வாரம் அப்படி ஓடியது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தார். மகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். ஒரு நாள் சாப்பிடும்போது ஃபோன் அடித்தது. அவர் உட்கார்ந்தபடியே அடுத்த கவளத்தை வாயில் வைத்ததை மனைவி பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி பரிமாறினார். பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு முறை அழைத்தார்கள். அந்த இடத்தின் வாடையே வேண்டாம் என்று அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு செய்தி தெரிந்திருக்கும்.

நான்காம் வாரம் திங்கட்கிழமை காலை எல்லாரையும் டைரக்டர் கூப்பிட்டார். புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, நல்ல அனுபவசாலி, அருமையான மனிதர், தன் பழைய நிறுவனத்தைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை, வளர்ச்சிக்காகத்தான் வருகிறார் என்றார். கதவு திறந்தது. உள்ளே வந்தவர் நேராக வளர்ச்சியாரிடம் வந்து, இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் முயற்சி பண்ணேன்" என்றார் பழைய மேலாளர். அந்தத் தொழிற்சாலையே தன்னுடையது என்பதுபோலச் சுற்றும் முற்றும் பார்த்தார். "முழு அதிகாரம்னு சொன்னீங்களே, உண்மைதான். டைரக்டர்கிட்ட உங்களப் பத்தித்தான் மொதல்ல கேட்டேன். 'அவர் இருக்கார்ல, அப்ப எனக்குக் கவலையே இல்ல'ன்னு சொல்லிட்டேன்."

டைரக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. "ரெண்டு பேரும் அப்பா புள்ள மாதிரின்னு இவர் இன்டர்வியூவுல சொன்னதா எழுதி வச்சிருக்காங்க. இப்படி ஒரு ஜோடி கிடைக்கிறது எங்க அதிர்ஷ்டம்!" என்று இருவர் தோளிலும் கை போட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்துகிறது.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மாலை ஆறேகாலுக்கு, "அதுக்குள்ளயா?" என்ற குரலைக் கேட்டுத் திரும்பிவந்து வளர்ச்சியார் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஃபோன் அடித்தது. எழுந்து நின்று எடுத்தார். நடுநாற்காலி. குரலில் கருவளையம் இல்லை.

"சார், நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க மேனேஜர் போனாரே, அந்த இடத்துல என்னைத்தான் போட்டாங்க. அவரு அளவுக்கு நம்மால முடியுமான்னு எனக்கு பயம். ஆனா நீங்க அன்னிக்கு சொன்ன முறையை எதையும் நான் மாத்தல. ஆறு மணி ஆச்சுன்னா எல்லாரையும் துரத்தி விடறேன். ஞாயித்துக்கிழமை யாருக்கும் ஃபோன் கிடையாது. தப்பு நடந்தா உக்கார வச்சுத்தான் பேசறேன். ஆளுங்க ஆரம்பத்துல என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, இப்ப உயிரையே விடறாங்க. சொர்க்கம் சார், நீங்க சொன்னது ஒரு வார்த்தை பொய் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: "இப்படி ஒரு இடத்த விட்டுப்போக உங்களுக்கு எப்படி சார் மனசு வந்துச்சு?"

வளர்ச்சியார் என்ன பதில் சொன்னார் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டவும் நினைக்கிறீர்கள். காட்டுங்கள், ஆனால் அதற்குமுன் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். போன வேலையை நீங்கள் ஏன் விட்டீர்கள்? இல்லை, முதுகை நிமிர்த்தவேண்டாம், தொண்டையைச் செருமவேண்டாம், என் முகத்தைப் பார்த்து அந்த அழகான சிரிப்பையும் சிரிக்கவேண்டாம். அந்த மேலாளரைப் பற்றி இப்போது உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்ட அந்த நல்ல வார்த்தையை மட்டும் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமில்லை. யாராவது நம்பித் தொலைத்துவிடப் போகிறார்களே என்றுதான் பயம்.